ஏரியில் பிடித்த வெளிநாட்டு மீனை வளர்ப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியத் தொடங்கியதும், கலங்கலடியில் கொசுவலையும் பிளாஸ்டிக் பாட்டிலுமாகச் சிறுவர்கள் கூடிவிடுகிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோதும் இதையேதான் செய்தேன். அன்று எங்கள் பாட்டிலில் அகப்பட்டவை அயிரை, குரவைக் குஞ்சு, உளுவை, கெண்டைப் பொடி ஆகியவை. இன்று சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் அதே கொசுவலையை வீசும் பிள்ளைகளின் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பவை நம் மண்ணுக்கு உரியவை அல்லாத மீன்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் விடுகிறார்கள். சில மாதங்களில் தொட்டி போதாமற்போகிறது. மீன் மீண்டும் ஏரிக்கே வந்து சேர்கிறது. இதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர்களிடம், அதிலும் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும், சற்று விரிவாகப் பேச வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மீன்தொட்டி வைத்திருப்பது அதைவிடப் பழைய பழக்கம். பிள்ளைகள் ஏரியில் இறங்கி மீன் பிடிப்பதைத் தடுக்க வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. நீரில் கால் வைத்துப் பழகாத பிள்ளைக்கு ஏரியின் மீது அக்கறை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிடித்த மீன் இன்னதென்று தெரிந்துகொள்ளாமல் அதைத் தொட்டியில் விடக்கூடாது என்பதையும், தொட்டியில் விட்ட பிறகு எக்காரணம் கொண்டும் அதை நீர்நிலையில் திருப்பி விடக்கூடாது என்பதையுமே சொல்ல விரும்புகிறேன்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ‘அதிசய மீன் சிக்கியது’, ‘ஏரியில் பிரானா: மக்கள் அச்சம்’ என்ற தலைப்புகளைப் பார்க்கிறோம். அப்படங்களை உற்று நோக்கினால், பிரானா என்று அச்சிடப்பட்டது பல வேளைகளில் மீன் கடைகளில் ரூப்சந்த் என்ற பெயரில் விற்கப்படும் பாக்கு மீனாக இருக்கிறது. இரண்டும் தென்னமெரிக்க உறவினர்கள். இளவயதில் இரண்டுக்கும் வயிறு சிவந்திருக்கும். ஆகவே மயக்கம் வருவது இயல்புதான். ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். பிரானாவின் பற்கள் ரம்பத்தைப் போல முக்கோணமாகவும் கூராகவும் ஒரே வரிசையில் இருக்கும். கீழ்த்தாடை முன்னே துருத்தியிருக்கும். பாக்குவின் பற்களோ மனிதக் கடைவாய்ப் பற்களைப் போலத் தட்டையானவை. ஏனெனில் அது நீரில் விழும் கொட்டைகளையும் கனிகளையும் உடைத்துத் தின்னும் மீன். இந்த ஒரு வரி செய்தியோடு சேர்ந்து வந்திருந்தால் மக்களிடம் அச்சத்துக்குப் பதில் அறிவு போய்ச் சேர்ந்திருக்கும்.

எங்கள் பகுதியில் மிகுதியாக அகப்படுவது சக்கர் மீன். கடைக்காரர்கள் இதை ‘டேங்க் கிளீனர்’ என்று சொல்லி விற்கிறார்கள். உடல் முழுவதும் எலும்புத் தகடு போர்த்து, அடிப்பக்கம் தட்டையாக, வாய் உறிஞ்சுகுழல் போலக் கீழ்நோக்கி அமைந்த மீன் அது. விரல் நீளத்தில் இருக்கும்போது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியை வழிக்கும் அழகைப் பார்த்துப் பிள்ளைகள் மயங்கிவிடுகிறார்கள். பல கடைகளில் இதற்கு ‘பிளெகோ’ என்றும், ‘ஹைப்போஸ்டோமஸ்’ என்றும் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதுகுத் துடுப்பை விரித்து, முன்னாலுள்ள கெட்டியான முள்ளை விட்டுவிட்டு, பின்னாலுள்ள மெல்லிய கதிர்களை எண்ண வேண்டும். ஏழு இருந்தால் அது ஹைப்போஸ்டோமஸ் வகையாக இருக்கலாம். ஒன்பதுக்கு மேல் இருந்தால் அது டெரிகோப்லிக்திஸ். பாய்மரம் போல உயர்ந்து விரியும் துடுப்பைக் கண்டாலே அனுபவப்பட்டவர்களுக்கு விளங்கிவிடும். நான் இதுவரை நம் ஏரிகளிலிருந்து எடுத்து எண்ணிப் பார்த்தவை எல்லாம் டெரிகோப்லிக்திஸ் வகையே.

அந்தப் பேரினத்துக்குள் எந்த இனம் என்று அறிய மீனை மெல்லத் திருப்பி வயிற்றைப் பார்க்க வேண்டும். வெளிர்நிற வயிற்றில் கரும்புள்ளிகள் தனித்தனியே தெரிந்தால் அது அமேசான் படுகையைச் சேர்ந்த பர்டாலிஸ் இனம். புள்ளிகள் ஒன்றோடொன்று கூடிப் புழு நெளிவதைப் போன்ற கோடுகளாகத் தெரிந்தால் அது மதெய்ரா ஆற்றுப் படுகையைச் சேர்ந்த டிஸ்ஜங்க்டிவஸ் இனம். பாதி புள்ளியும் பாதி கோடுமாக வருவனவும் உண்டு. இவ்விரு இனங்களும் கலந்து பெருகியிருப்பதே அதற்குக் காரணம் என்று மீனியலாளர்கள் கருதுகின்றனர். எனவே வயிற்றின் கோலத்தை மட்டும் வைத்து இனத்தை அடித்துச் சொல்லிவிட முடியாது. குறிப்பேட்டில் எழுதும்போது பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். முதுகு, பக்கவாட்டு, வயிறு ஆகிய மூன்றையும் ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்தால் போதும்; மீனைத் துன்புறுத்தாமல் பிறகு நிதானமாக எண்ணிக்கொள்ளலாம். பிடிக்கும்போது கையை ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். மார்புத் துடுப்பின் முள் கையையும் வலையையும் கிழிக்கும்.

என் வீட்டுத் தொட்டியில் ஒரு சக்கர் மீன் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறது. என் உறவுக்காரப் பையன் ஒருவன் பென்சில் நீளத்தில் அதை ஏரியில் பிடித்துக் கொண்டுவந்தான். இப்போது அதன் நீளம் 38 சென்டிமீட்டர். இந்தப் பேரினத்தில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி வளர்வன சாதாரணம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியைத்தான் பெரும்பாலான வீடுகளில் வாங்குகிறார்கள். அது கொள்ளும் நீர் ஏறத்தாழ 56 லிட்டர். என் மீனால் அதற்குள் உடலைத் திருப்பக்கூட முடியாது. அதற்காக நான் ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்ற அளவில் தொட்டி கட்ட நேர்ந்தது. 680 லிட்டர் நீரின் எடையைத் தாங்க, தரைத்தளத்தில் செங்கல் மேடையும் எழுப்ப நேர்ந்தது. விரல் நீள மீனைக் கையில் வைத்துக்கொண்டு ஆசையோடு நிற்கும் பிள்ளையிடம் பெரியவர்கள் சொல்ல வேண்டிய கணக்கு இது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்ற பெயரும் தவறானது. அது பாசியைத் தின்பது உண்மை. தின்றதற்கு ஈடாகக் கழிவை வெளியேற்றுவதும் உண்மை. வளர்ந்த சக்கர் மீன் இருக்கும் தொட்டியின் அடியில் நாள்தோறும் நூல்நூலாகக் கழிவு சேரும். பாசி போதாத தொட்டியில் அது இரவில் தட்டை உடல் கொண்ட மற்ற மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றின் உடல் வழுவழுப்பை உறிஞ்சுவதையும் நான் கண்டிருக்கிறேன். வெள்ளரி, சுரைக்காய், லேசாக வெந்த கீரை ஆகியவற்றைக் கல்லில் கட்டித் தாழ்த்திப் போட்டு அதன் வயிற்றை நிரப்பி வைக்க வேண்டும்.

அடுத்தது ஜிலேபி கெண்டை. நம் ஊர் மீன் என்றே பலரும் நினைக்கும் அளவுக்கு அது பழகிவிட்டது. ஆனால் மொசாம்பிக் திலாப்பியா என்ற இந்த ஆப்பிரிக்க மீன் 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. பாங்காக்கிலிருந்து ஒரு முறையும், இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு ஒரு முறையும் அதே ஆண்டில் அரசுத் துறைகளே கொண்டுவந்தன. உணவுக்காகக் கொண்டுவந்த மீன் அமராவதி அணையில் எப்படி ஆதிக்கம் பெற்றது என்பதை உடுமலைப் பக்கத்து வாசகர்கள் அறிவார்கள். இதன் குஞ்சுகளையும், இதே குடும்பத்தைச் சேர்ந்த நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் பிள்ளைகள் பிரித்தறியாமல் விடுகிறார்கள். சிக்லிட் எனப்படும் இந்தக் குடும்பத்தில் இந்தியாவுக்கு உரிய மீன்கள் மூன்றே மூன்று. கேரளத்தில் கறிமீன் என்று கொண்டாடப்படும் மீனும், அதன் சிறிய ஆரஞ்சு நிற உறவும், கன்னட நாட்டு ஆறுகளில் வாழும் ஒன்றும் ஆக மூன்று. வயிற்றுக்குப் பின்னால் உள்ள அடித்துடுப்பின் முன்பக்கத்து முட்களை எண்ணினால் வேறுபாடு தெரிந்துவிடும். ஜிலேபிக்கு முட்கள் மூன்று. நம் கறிமீனுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. வாலில் செங்குத்தாக நெருங்கிய வரிகள் இருந்தால் அது நைல் திலாப்பியா. வரிகள் இல்லாதது மொசாம்பிக். பெண் மீன் முட்டைகளை வாயில் சுமந்து, பொரித்த குஞ்சுகளையும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். பார்ப்பதற்கு உருக்கமான காட்சிதான். அந்தத் தாய்மையின் பலத்தால்தான் ஒரு சோடி ஒரு குளத்தையே நிரப்பிவிடுகிறது.

சாக்கடையோரத்திலும் கிணற்றிலும் கிடைக்கும் சிறு மீன்களைப் பற்றி ஒரு சொல். இவற்றில் கப்பியும் கம்பூசியாவும் அமெரிக்கக் கண்டத்து மீன்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காக விடப்பட்டவை. கம்பூசியா 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. இவை முட்டையிடாமல் குஞ்சு ஈனும். ஆணின் அடித்துடுப்பு குச்சி போல நீண்டிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். கம்பூசியாவின் வால் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் சிறு கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெண் கப்பியின் துடுப்புகள் தெளிவாக இருக்கும். இவற்றோடு நீரின் மேற்பரப்பை ஒட்டி நீந்தும் நம் நாட்டுச் சிறு மீன் ஒன்றும் அகப்படும். தட்டையான தலையுச்சியில் அதற்கு வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். மேலிருந்து பார்த்தாலே தெரியும். கொசுப்புழுவை அதுவும் விரும்பித் தின்னும். பொட்டு வைத்த மீன் வலையில் வந்தால் அதை அந்தக் கணமே பிடித்த இடத்திலேயே விட்டுவிடுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீட்டுத் தொட்டியைக் காணாத மீன் ஆகையால் அதைத் திருப்பி விடுவதில் குற்றமில்லை.

வயிற்றிலிருந்து நூல் போன்ற இரண்டு நீண்ட இழைகள் தொங்க, உடலின் நடுவில் ஒரு பொட்டும் வாலடியில் ஒரு பொட்டும் கொண்ட மீன் கிடைத்தால் அது தென்கிழக்கு ஆசியாவின் முப்பொட்டு கௌராமி. மூன்றாவது பொட்டாகக் கண்ணையும் சேர்த்துக்கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள். மீசையுள்ள கரிய மீன் கிடைத்தால், அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கக்கூடும் என்பதால், வளர்க்கும் எண்ணத்தையே கைவிட வேண்டும். அதை வளர்ப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டவை. குஞ்சுப் பருவத்தில் அதையும் நம் நாட்டுக் கெளுத்தி வகைகளையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கடினம்.

பெயரறிந்த பிறகும் வளர்க்கத் துணிபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும். பிடிக்குமுன்னரே கேட்டறிய வேண்டியது, அந்த ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. பல ஏரிகள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ தனியாருக்கோ குத்தகைக்கு விடப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் வலையை எடுத்துக்கொண்டு இறங்கவே கூடாது.

ஏரியிலிருந்து வந்த மீனை, ஏற்கெனவே மீன் உள்ள தொட்டியில் நேரே விடுவது பெரும்பிழை. குறைந்தது நான்கு வாரம் அதைத் தனித் தொட்டியில் வைக்க வேண்டும். கடை மீனுக்கு வராத ஒட்டுண்ணிகள் ஏரி மீனோடு வரும். உடலில் நூல் துண்டு குத்திக்கொண்டு நிற்பது போலத் தெரிந்தால் அது நங்கூரப்புழு. செதில் மேல் தட்டையாக ஊர்ந்தால் அது மீன்பேன். இவ்விரண்டையும் கண்ணாலேயே காணலாம். உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளி நோய் சில நாள் கழித்தே வெளிப்படும். ஒரு மீனுக்கு வந்தால் தொட்டி முழுவதற்கும் வந்ததாகவே கொள்ள வேண்டும். 1988-இல் இந்தியாவுக்குள் நுழைந்த புண்நோய் நம் விரால்களையும் குரவைகளையும் எப்படி அழித்தது என்பதை என் வயதினர் நேரில் கண்டிருக்கிறோம். உடலில் சிவந்த புண் உள்ள மீனை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். தனித் தொட்டிக்கெனத் தனி வலையும் தனி வாளியும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரி நீரையே குடத்தில் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினால் மீனுக்கு ஒத்துப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள்; அதோடு நோய்க்கிருமியும் நத்தை முட்டையும் சேர்ந்து வரும். குழாய் நீரைப் பிடித்து ஒரு நாள் முழுவதும் திறந்த வாளியில் ஏர் பம்ப் ஓட வைத்திருந்தால் குளோரின் வெளியேறிவிடும். அதைவிட முக்கியமானது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறித்து மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பது. இன்று தொட்டி வாங்கி இன்றே மீனை விட்டால், நீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும்போதே மீன் மூச்சுத் திணறி இறக்கும். ‘நேற்று நன்றாகத்தான் இருந்தது, ஐயா’ என்று கண்ணீரோடு வந்து நின்ற மாணவர்களை நான் எண்ணி மாளாது. பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்தால் அந்தக் காத்திருப்பு குறையும்.

தொட்டிக்குக் கனமான மூடி வேண்டும். சக்கர் மீன் இரைப்பையால் காற்றைச் சுவாசிக்கும் திறனுள்ளது. நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். இரவில் தாவி வெளியே விழுந்து, வாசல் வழியே நழுவி, மழைநீர் வடிகாலை அடைந்தால் அதன் கதை தொடரும். கப்பி போன்றவற்றை வளர்ப்பவர்கள் ஆணை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பெண் கப்பி ஒரு முறை சேர்ந்த விந்தைப் பல மாதம் உடலில் தேக்கி வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் குஞ்சு ஈனும். திலாப்பியாவாக இருந்தால் ஒற்றை மீனாக வைத்திருங்கள். தொட்டி கழுவிய நீரை ஒருபோதும் வடிகாலில் ஊற்றாமல் தோட்டத்து மண்ணில் ஊற்றுங்கள். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சும், நத்தை முட்டையும், நோயின் வித்தும் இருக்கக்கூடும். செடிகளுக்கு அது உரமுமாகும்.

இனி, வருந்திச் சொல்ல வேண்டிய ஒன்று. மீனை ஏரியில் திருப்பி விடுபவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். இரக்கத்தால்தான் விடுகிறார்கள். வீடு மாறுகிறார்கள், தொட்டி உடைகிறது, மீன் பெரிதாகிறது. கொல்ல மனம் வராமல் ஏதாவதொரு குளத்தில் விட்டுக் கைகூப்பிவிட்டு வருகிறார்கள். பரிகாரம் என்று கருதிக் கடையில் மீன் வாங்கிக் கோயில் தெப்பக்குளத்தில் விடுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மீனவர் வலையிலிருந்து கழித்துக் கரையில் எறிந்த சக்கர் மீன் துடிப்பதைக் கண்டு, அதைக் கையில் எடுத்து மீண்டும் நீரில் விட்ட ஒரு பெரியவரிடம் நான் பேசியிருக்கிறேன். ‘உயிர்தானே, ஐயா’ என்றார் அவர். அவரிடம் கோபிக்க என்னால் முடியவில்லை. நானும் என் இருபதுகளில் தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்த ஆஸ்கர் மீன் ஒன்றைக் கொண்டுபோய் ஏரியில் விட்டவன். அது தவறு என்று எனக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. அந்தக் குறையைத்தான் இந்தக் கடிதத்தால் சிறிதளவேனும் தீர்க்கப் பார்க்கிறேன்.

அந்தப் பெரியவர் காப்பாற்றிய ஓர் உயிருக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியவை வேறு பல உயிர்கள். சக்கர் மீனின் ஆண், நீர்க்கரை மண்ணைக் குடைந்து ஒரு மீட்டருக்கு மேல் ஆழமான வளை தோண்டி, அதற்குள் முட்டையைக் காவல் காக்கிறது. மண்ணால் ஆன ஏரிக்கரைகளை நம்பி வாழும் நமக்கு இது அற்பச் செய்தியாகுமா? மெக்சிகோவில் இன்ஃபியர்னில்லோ என்ற நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் மீன்வளத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. சக்கர் மீன் பெருகிய பிறகு மீனவர்கள் வலையை இழுத்தால் விற்கத்தக்க மீனுக்குப் பதில் அதுவே குவியலாக வந்தது, வலைகளும் கிழிந்தன. கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களில் மீன் வளர்ப்போர் இதே துன்பத்தைச் சொல்கிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அமேசானின் அரபைமா அகப்பட்டதும், 2023-இல் ஸ்ரீநகரின் தால் ஏரியில் வட அமெரிக்காவின் முதலைமூக்கு மீன் அகப்பட்டதும் யாரோ ஒருவர் வளர்த்த மீன் வெளியேறியதால் அல்லாமல் வேறு எப்படி நிகழ்ந்திருக்க முடியும்? கொளத்தூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வண்ண மீன் வளர்ப்பு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அவர்கள் தொழிலைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் தாழ்வான இடங்களில் உள்ள பண்ணைத் தொட்டிகள் மழை வெள்ளத்தில் மூழ்கி வழிந்துவிடாதபடி கரையுயர்த்தி வலை கட்டுவது அவர்களுடைய கடமை.

வளர்க்க முடியாமற்போன மீனை என்ன செய்வது என்ற கேள்விக்கு மென்மையான விடை எப்போதும் கிடைக்காது. வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுக்கலாம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். ஜிலேபியாக இருந்தால், நாம் மருந்து எதுவும் போடாமல் வளர்த்ததாக இருந்தால், குழம்பு வைத்துவிடுவதில் எந்தப் பாவமும் இல்லை. இவை எதற்கும் வழியில்லாதபோது, கிராம்புத் தைலத்தைச் சிறிது வெந்நீரில் நன்றாகக் கலக்கி ஆறவைத்து, மீன் இருக்கும் வாளியில் ஊற்றினால் அது முதலில் மயங்கி, பிறகு மயக்கத்திலேயே இறக்கும். செவுளசைவு நின்ற பிறகும் நெடுநேரம் அதிலேயே விட்டுவைத்து, பின் புதைத்துவிட வேண்டும்; அந்த மீனை உண்ணவோ விலங்குக்குப் போடவோ கூடாது. கரையில் எறிந்து மணிக்கணக்கில் துடிக்க விடுவதைவிட இது எவ்வளவோ கருணையானது. இதைச் செய்ய மனம் வராது என்பவர்கள் அந்த மீனை முதலிலேயே பாட்டிலில் எடுக்காமல் இருப்பதே சரி.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், அயல்நாட்டு ஆக்கிரமிப்பு இனங்கள் எவை என்று முதன்முறையாக வரையறுத்து, அவற்றை இறக்குமதி செய்வதையும் வைத்திருப்பதையும் பெருகவிடுவதையும் முறைப்படுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சட்டம் வந்தது நன்று. ஆனால் மீன்தொட்டியோடு நிற்கும் ஒரு குடும்பம், தன்னால் வளர்க்க முடியாத மீனை எடுத்துக்கொண்டு எங்கே போவது? ஒவ்வொரு மாவட்டத்திலும் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு பெரிய தொட்டியை வைத்து, கேள்வி கேட்காமல், அபராதம் விதிக்காமல், வேண்டாத வளர்ப்பு மீன்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு செய்தால், ஏரிக்குப் போகும் மீன்களில் பெரும்பகுதி அங்கே வந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். வண்ண மீன் கடைகளும் தாங்கள் விற்ற மீனைத் திரும்பப் பெற முன்வர வேண்டும். விற்கும்போதே, இந்த மீன் எவ்வளவு நீளம் வளரும், எத்தனை ஆண்டு வாழும் என்பதைத் தமிழில் எழுதித் தொட்டியில் ஒட்டி வைக்கவும் வேண்டும். சக்கர் மீன் தொட்டியின் மேல் ‘ஒன்றரை அடி வளரும், பத்தாண்டுக்கு மேல் வாழும்’ என்ற சீட்டு இருந்தால் எத்தனை பேர் அதை வாங்குவார்கள்?

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘அதிசய மீன்’ செய்தி அடுத்த முறை வரும்போது, அந்த மீனின் பெயரையும் அதன் தாய்நாட்டையும் அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையிலோ மீன்வளத் துறையிலோ கேட்டு எழுதச் செய்யுங்கள். பக்கவாட்டுப் படத்தோடு வயிற்றுப் படத்தையும் வெளியிட்டால் படிப்பவர்கள் தாங்களே ஒப்பிட்டு அறிவார்கள். செய்தியின் இறுதியில் ‘பிடிபட்ட மீனை இளைஞர்கள் மீண்டும் ஏரியிலேயே விட்டனர்’ என்ற வரி பாராட்டுத் தொனியில் அச்சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மழைக்காலம் தொடங்குமுன், ஞாயிறு சிறுவர் பக்கத்தில் நம் ஏரி மீன்கள் பத்தையும் வந்தேறிய மீன்கள் பத்தையும் அருகருகே படமாக வெளியிட இயலுமானால், அதை வெட்டியெடுத்து எங்கள் பகுதிப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டும் வேலையை நானே செய்கிறேன். படங்களுக்குப் பெயர் சரிபார்க்க வேண்டியிருந்தால் அதற்கும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அம்பத்தூர், சென்னை.